காரைக்குடிப் பழைய சாமானா, பழைய மரத்தில் புதுசா?

புது வீடு கட்டியவர்கள், ஃபிளாட் வாங்கியவர்கள் பலருக்கும் இப்போது ஒரு ஆசை இருக்கிறது. ஹாலில் ஒரு ஊஞ்சல், இல்லாவிட்டால் ஒரு தேக்கு அலமாரி, 'செட்டிநாட்டுச் சாமான்' என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். ஆசையில் தப்பில்லை. அதை நிறைவேற்ற நாலு வழி இருக்கிறது. காரைக்குடிக்குப் போய் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கலாம். இடித்த வீட்டு மரத்தை வாங்கி ஆசாரியிடம் கொடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளலாம். ஊரில் பூட்டிய வீட்டில் தூசி படிந்து கிடப்பதைச் சரிசெய்து எடுத்து வரலாம். எதற்கும் நேரமில்லை என்றால் ஷோரூமில் 'ஆண்டிக் ஃபினிஷ்' என்று சீட்டு ஒட்டிய புதுச் சாமானை இ.எம்.ஐ.யில் எடுத்து வரலாம். நாலுக்கும் செலவு வேறு, தொல்லையும் வேறு.

என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் உட்காருகிற, படுக்கிற, ஆடுகிற சாமான் என்றால் இரண்டாவது வழி. துணிமணி, பாத்திரம், பத்திரம் வைக்கிற சாமான் என்றால் முதல் வழி. வீட்டிலேயே கிடக்கிறது என்றால் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது. இப்படிப் பிரிப்பதற்குப் பாதிக் காரணம் மரவேலையில் இருக்கிறது, மீதி அந்தச் சாமான்கள் உருவான கதையில் இருக்கிறது. கதையை முதலில் பார்ப்போம்.

ஆர்டர் கொடுத்தே வளர்ந்த மரபு

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 1850-களுக்கும் 1940-களுக்கும் நடுவே எழுந்தவை. கீழ் பர்மா 1852-ல் ஆங்கிலேயர் வசம் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி டெல்டா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. அந்த நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்த நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார்) ஊருக்குப் பணத்தோடு தேக்கையும் அனுப்பினார்கள். தூண், உத்தரம், நிலை, கதவு, அலமாரி எல்லாம் பர்மாத் தேக்கு. கருங்காலியும் முதிரையும் இலங்கையிலிருந்து வந்தன. ஈட்டி (ரோஸ்வுட்) நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கிடைத்தது.

இவ்வளவு மரம் வந்து இறங்கிய வீட்டுக்குள் சாமான் எங்கெங்கே இருந்தது என்று கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். விருந்தாளியும் வியாபாரக்காரரும் வந்து உட்காரும் முன்பகுதியில்தான் நாற்காலி, மேசை, நிலைக்கண்ணாடி எல்லாம். வளவுப் பக்கம், அதாவது முற்றத்தைச் சுற்றிய குடும்பப் பகுதிக்கு, உள்ளே போனால் வாழ்க்கை தரையில் நடந்தது. பாய், மணைப்பலகை, பெட்டகம், அவ்வளவுதான். கணக்குப்பிள்ளைப் பெட்டியை ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், நின்றுகொண்டு பார்த்தால் அதன் அருமை தெரியாது. சம்மணம் போட்டவரின் மடிக்கு நேரே வரும் உயரம். எழுதுவதற்குச் சாய்வான மூடி. மூடியைத் தூக்கினால் சில்லறைக்கும் மைக்கூட்டுக்கும் சீட்டுக்கும் தனித்தனிச் சிற்றறைகள். தரையில் உட்கார்கிற ஊர் தனக்காகச் செய்துகொண்ட மேசை அது. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய செட்டிநாட்டு வீடு ஒன்று இருக்கிறது. கடைக்குப் போகும் முன் அங்கே ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், எந்தச் சாமான் எந்த இடத்துக்காகப் பிறந்தது என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

முன்பகுதிச் சாமானின் கதை வேறு. கை நீண்ட சாய்வு நாற்காலி, நாலு கம்பம் நட்ட கட்டில், 1930-களின் முனை வளைந்த பீரோ எல்லாம் வெள்ளைக்காரர் வடிவங்களைப் பார்த்து நம் ஆசாரிகள் செய்தவை. வளைத்த மரத்தில் பிரம்புப் பின்னல் வைத்த ஒல்லி நாற்காலிக்கோ ஆதி ஊர் வியன்னா. தோனெட் கம்பெனி 1859-ல் கொண்டுவந்த 14-ஆம் நம்பர் நாற்காலி அது. ஆறு துண்டு மரம், பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி. அதன் வாரிசுகள் உலகமெங்கும் பரவின. அந்த வடிவத்தை 'ஒரிஜினல் செட்டிநாடு' என்று யாராவது விற்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம்.

வெளியூர்க்காரர் கேட்டதைச் செய்து கொடுக்கும் பழக்கம் செட்டிநாட்டு வீடுகளுக்கும் முந்தையது. 17-ஆம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையில் டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் கருங்காலியில் நாற்காலி கடைந்து கொடுத்திருக்கிறார்கள். முறுக்குக் கால், முதுகுப் பலகையில் பூவேலை. அவற்றில் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. 18-ஆம் நூற்றாண்டில் ஹோரஸ் வால்போல் என்ற சீமான், அவை தங்கள் டியூடர் ராஜாக்கள் காலத்து நாற்காலிகள் என்று நம்பி, தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்குத் தேடித் தேடி வாங்கினார். நம் ஊர்ச் சரக்கு அங்கே போய் ஆங்கிலேயப் பழம்பொருளாக வேஷம் கட்டியிருக்கிறது!

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய வடிவத்தில் புதிதாகச் செய்தால் அது 'டூப்ளிகேட்', பழையதை வாங்கினால்தான் 'அசல்' என்று பலர் நினைக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் யாரும் பழம்பொருள் வாங்கி வீட்டை நிரப்பவில்லை. மரத்தை இறக்கி, ஆசாரியை வரவழைத்து, தங்கள் அறைக்கும் உடம்புக்கும் அளவு சொல்லிச் செய்யச் சொன்னார்கள். அந்த வகையில் பார்த்தால் இன்று ஆசாரியிடம் போகிறவர்தான் மரபுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

ஷோரூம் சரக்கு

சுருக்கமாக முடித்துவிடலாம். 'ஆண்டிக் ஃபினிஷ்' என்பது கறுஞ்சிவப்புச் சாயமும், ஓரத்தில் வேண்டுமென்றே தேய்த்த தேய்ப்பும்தான். உள்ளே ரப்பர் மரமாக இருக்கலாம், எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) மேல் ஒட்டிய தேக்குத் தோலாகவும் இருக்கலாம். 'பர்மாத் தேக்கு' என்று சொன்னால், மியான்மர் 2014 ஏப்ரலிலேயே வெட்டிய மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். இன்று நம் சந்தைக்கு வரும் தேக்கில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் தோட்டமாக வளர்த்தது. கெட்ட மரம் என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் வெட்டுவதால் வைரம் (முற்றிய உள்மரம்) குறைவு, வெளிறு (முற்றாத வெளிமரம்) அதிகம், அவ்வளவுதான். வாடகை வீட்டில் இருந்துகொண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சாமானைத் தூக்கி ஏற்றி இறக்குகிறவருக்கு ரப்பர் மரக் கட்டிலே புத்திசாலித்தனம். அவர் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

பழைய சாமான் கடையில்

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் நகரத்தாரின் கடன் தொழிலும் மர வரத்தும் அறுந்து போயின. பிறகு குடும்பங்கள் பெரிதாகி, பங்கு பிரிந்து, பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். ஐம்பது பேருக்குப் பங்குள்ள ஒரு வீட்டை யார் பராமரிப்பது? செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதே ஊர்களில் வீடுகள் இடிபட்டுக்கொண்டும் இருக்கின்றன. இடிபட்ட வீட்டின் கதவு, தூண், அலமாரி, எனாமல் பாத்திரம், ரவிவர்மா அச்சுப் படம் எல்லாம் தெருக்கடைக்கு வந்து சேர்கின்றன.

கடைக்குள் நுழைந்ததும் "நூத்தம்பது வருசத்துச் சாமான்ணே" என்ற குரல் வரும். மறுக்க வேண்டாம், தலையாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். அலமாரியின் முகத்தைப் பார்ப்பதில் பிரயோஜனம் கிடையாது. முகத்துக்குத்தான் எல்லோரும் பாலிஷ் போடுகிறார்கள். இழுப்பறையை முழுசாக உருவி, கவிழ்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள்.

அடிப்பலகையில் விரல் நுனியை நாருக்குக் குறுக்கே ஓட்டினால், கையால் இழைத்த பலகையில் மெல்லிய பள்ளமேடு தட்டுப்படும். மிஷினில் இழைத்தது கண்ணாடி மாதிரி வழுக்கும், இல்லையென்றால் ஒரே இடைவெளியில் சின்னச் சின்ன அலையாக இருக்கும். இழுப்பறை ஓடும் பட்டையைப் பாருங்கள். வருஷக்கணக்கில் இழுத்து மூடியது என்றால் பட்டை நடுவில் தேய்ந்திருக்கும், அந்தத் தேய்வுக்கு ஈடாக இழுப்பறையின் அடிவிளிம்பும் தேய்ந்திருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் தலை ஒரு வீட்டுச் சாமான், உடம்பு வேறொரு வீட்டுச் சாமான். கழுந்தும் (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) அது நுழையும் துளையும் சேரும் இடத்தில் மூங்கில் ஆணியின் தலை லேசாக வெளியே துருத்திக்கொண்டிருந்தால் நல்ல அடையாளம். சுற்றியுள்ள மரம் சுருங்கியிருக்கிறது, ஆணி அப்படியே நிற்கிறது. ஸ்க்ரூவின் தலையில் ஒற்றைக் கோடா, 'பிளஸ்' வெட்டா? பிளஸ் வெட்டு அமெரிக்காவில் 1930-களில் வந்த சரக்கு. கீல் மட்டும் பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம், அதனால் ஒரு ஸ்க்ரூவை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். அதே மாதிரி, வட்ட ரம்பத்தின் வில் வடிவக் கீறல் பலகையின் பின்புறம் தெரிந்தால் 'புதுசு' என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். பர்மாவில் மோல்மேனிலும் ரங்கூனிலும் நீராவி ரம்ப ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஓடின. அந்தக் கீறலோடு கப்பலேறிய பலகைகளும் உண்டு.

அடுத்து உளு. சாமானைத் தட்டினால் மாவு உதிருகிறதா என்று பாருங்கள். பழைய துளை இருப்பது பரவாயில்லை. துளையின் வாயில் வெளிர் நிறப் புதுத் தூள் இருந்தால் வண்டு உள்ளே குடித்தனம் நடத்துகிறது. தேக்கின் வைரத்தைக் கரையானும் வண்டும் அண்டாது, வெளிறைத் தின்றுவிடும். எனவே முதுகுப் பலகை, அடிக்கட்டை, கால் நுனி என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் சேதம் இருக்கும். வாசற்படியில் தண்ணீர் பட்டுக் கால் நுனி உளுத்த பீரோக்கள் ஏராளம். கால் வெட்டிப் புதுசு ஒட்டியிருப்பார்கள், அது குற்றமில்லை, விலை மட்டும் குறைய வேண்டும்.

விலை என்றதும் எல்லோரும் இணையத்தில் தேடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதைவிட உருப்படியான வழி ஒன்று உண்டு. சாமானில் எத்தனை கன அடி மரம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து கணக்குப் போடுங்கள். பக்கத்து மர டிப்போவில் அந்த வாரத்துத் தேக்கு விலையைக் கேட்டு அதனால் பெருக்குங்கள். ஆசாரிக் கூலியைக் கூட்டுங்கள். கடைக்காரர் சொல்லும் விலையில் அதைக் கழித்தால், மிச்சம்தான் 'பழசு' என்பதற்கு நீங்கள் கொடுக்கும் காசு. அந்த மிச்சத்தைத் தனியாகப் பார்க்கும்போது சிலருக்கு ஆசை தெளிந்துவிடும், சிலருக்கு உறுதியாகிவிடும். இரண்டுமே நல்லதுதான்.

இழைத்துப் பதித்த வெள்ளை வேலைப்பாடு இருந்தால் நிதானமாகப் பாருங்கள். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வலைக்கோடுகள் தெரியும். மாட்டெலும்பில் கருப்பாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். எலும்பு என்றால் பிரச்சினையில்லை. தந்தம் என்றால் எவ்வளவு பழசாக இருந்தாலும் தொடாதீர்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-லும் 1991-லும் செய்த திருத்தங்களுக்குப் பின் தந்த வியாபாரத்துக்கு இந்த நாட்டில் இடமே இல்லை.

அளவு விஷயத்தில்தான் ஃபிளாட்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். பழைய அலமாரி மடித்து வைக்கும் துணிக்காகச் செய்தது, ஆழம் ஒன்றரை அடிதான் இருக்கும். ஹேங்கரில் சட்டை தொங்க ஏறக்குறைய 22 அங்குலம் வேண்டும். சேலையும் போர்வையும் அடுக்குவதற்கு அது அருமையான சாமான், கோட்டு சூட்டு தொங்கவிட ஆகாது. உங்கள் லிஃப்டின் வாசல் அகலத்தை அளந்து கையில் எழுதிக்கொண்டு போங்கள். நல்ல ஆசாரி செய்த பெரிய அலமாரிகளில் தலைக்கிரீடம் தனியாகவும் அடிப்பீடம் தனியாகவும் தூக்கி எடுக்க வரும். எடுக்க வருகிறதா என்று கடையிலேயே தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது. பழைய கட்டில்களின் அளவு இன்றைய மெத்தையோடு ஒத்துப்போவது அபூர்வம். 'வெட்டிச் சரிபண்ணித் தர்றோம்' என்பார்கள். சரி என்று சொல்லிவிடாதீர்கள், வெட்டிய பிறகு அது பழைய கட்டிலும் இல்லை, நல்ல கட்டிலும் இல்லை.

ஒரு எரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். கஜலட்சுமி செதுக்கிய நிலையை அறுத்துக் கண்ணாடிச் சட்டம் பண்ணுவது, கதவைப் படுக்கவைத்து மேலே கண்ணாடி போட்டு டீப்பாய் ஆக்குவது, தூணை மூன்றாக வெட்டி விளக்குத் தண்டு ஆக்குவது. இவற்றை வாங்காதீர்கள். வாங்க ஆளிருக்கும்வரை அறுத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆசாரியிடம் செய்தால்

இடித்த வீட்டு உத்தரமும் கைமரமும் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) பழைய மரக் கடைகளில் கிடைக்கின்றன. இதுவும் இடிந்த வீட்டின் பிணம்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். செதுக்கிய நிலைக்கும் வெறும் கைமரத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதுதான் என் சமாதானம். கைமரம் அடுப்புக்கோ சென்ட்ரிங் வேலைக்கோ போவதைவிட ஊஞ்சலாவது மேல்.

மரம் எடுக்கும்போது ஆசாரியைக் கூடவே கூட்டிப்போங்கள். அவர் ஒரு முனையை உளியால் சீவி, வாசனை பார்த்து, எச்சில் தொட்டுத் தடவி நிறம் பார்ப்பார். தேக்கின் வாசனை தோல்செருப்பின் வாடையை நினைவுபடுத்தும், தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு. வளையம் நெருக்கமாக இருந்தால்தான் வலு என்று ஒரு நம்பிக்கை உண்டு. தேக்கு விஷயத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வைரம் எவ்வளவு, வெளிறு எவ்வளவு என்பதே முக்கியம். ரம்பத்துக்கு அனுப்பும் முன் ஒரு ஆணி விடாமல் பிடுங்கியாக வேண்டும், மாட்டினால் பிளேடு போச்சு, மில்காரர் உங்கள் கணக்கில்தான் எழுதுவார். பழைய ஆணித் துளை, கழுந்துத் துளை உள்ள பகுதி கழிவாகும். அந்தக் கழிவைக் கணக்கில் சேர்க்காமல் 'பழைய மரம் மலிவு' என்று பேசுவது வீண். எல்லாம் கூட்டினால் புதுத் தேக்கைவிடப் பெரிதாக மிச்சமாகாது. கிடைப்பது காய்ந்து அடங்கிய வைரம் பாய்ந்த மரம். அதிலும் கனமான உத்தரத்தை அறுத்ததும் உடனே இழைக்க விடாமல், நிழலில் சில வாரம் இடைவெளி விட்டு அடுக்கி வையுங்கள். உள்மரம் வெளிக்காற்றுக்குப் பழகி, வளைவதை அங்கேயே வளைந்து முடித்துவிடட்டும்.

ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குல கனம் என்றால் இரண்டு கன அடி மரம். தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ, ஆகப் பலகை மட்டும் 36, 37 கிலோ. பழைய கடையில் ஒற்றைப் பலகை ஊஞ்சல் கிடைத்தால் அது உண்மையிலேயே பெரிய மரம், விலையும் அப்படித்தான் இருக்கும். கைமரத்தில் இரண்டடி அகலம் வராது. மூன்று பலகையை நாக்கும் பள்ளமுமாகச் சேர்த்து, அடியில் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். சட்டத்தை இறுக்கி ஆணி அடிக்கக் கூடாது. பலகை மழையில் விரிந்து வெயிலில் சுருங்க இடம் வேண்டும், ஸ்க்ரூத் துளையை நீள்வாக்கில் வெட்டச் சொல்லுங்கள். இதை நீங்கள் சொன்னதும் 'தெரியும்ங்க' என்று ஆசாரி சலித்துக்கொண்டால் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். 'அதெல்லாம் எதுக்கு, நல்ல பசை இருக்கு' என்றால் அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

கொக்கியை மறந்துவிட்டுப் பலகை செய்கிறவர்கள் உண்டு. மூன்று பேர் உட்கார்ந்தால் பலகையோடு சேர்த்து 230, 240 கிலோ, அதுவும் ஆடும் பாரம். பழைய வீட்டில் உத்தரத்தில் வளையம் மாட்டினார்கள். கான்கிரீட் வீட்டில் பீமில்தான் போட வேண்டும், சிலாபில் துளை போடுவதை ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். முன்னும் பின்னும் மூன்றடியாவது காலி இடம் விடாவிட்டால் ஊஞ்சல் வெறும் பெஞ்சாகத்தான் தொங்கும்.

உட்காரும் சாமானைப் புதிதாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான். நாற்காலியும் கட்டிலும் ஊஞ்சலும் தினமும் அசைந்து, இணைப்பில் இழுவை வாங்குபவை. எண்பது வருஷம் அசைந்த கழுந்து துளைக்குள் தேய்ந்து போயிருக்கும். அலமாரிக்கும் பெட்டகத்துக்கும் அந்தத் தொந்தரவு கிடையாது, நின்ற இடத்தில் நிற்கும். உடம்பளவும் ஒரு காரணம். உங்கள் முழங்கால் உயரத்துக்கு நாற்காலி, உங்கள் மெத்தைக்குக் கட்டில் என்று கேட்டு வாங்கலாம். வேலைப்பாட்டை மட்டும் குறைத்துக் கேளுங்கள். கடைசல் கால் நாலு, விளிம்பில் ஒரு நேர்க்கோட்டு வரி போதும். இன்றைய கூலியில் அவசரத்தில் செதுக்கிய யாளியும் கிளியும் பார்க்கச் சகிக்காது. சிற்பம்தான் வேண்டுமென்றால் அதற்கென்றே இருக்கும் கைகளைத் தேடிப் போக வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் மரச்சிற்பம் பரம்பரைத் தொழில், 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த வழியின் குறை நேரம். ஆசாரி சொன்ன தேதியில் சாமான் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வேண்டும் என்றால் இரண்டு முகூர்த்தம் முன்கூட்டியே தேதி சொல்லி வையுங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: மரம் அறுத்ததும், சட்டம் கூடியதும், பாலிஷ் முடிந்ததும்.

வீட்டில் கிடப்பது

ஊர் வீட்டு மச்சில் தாத்தாவின் சாய்வு நாற்காலி கிடந்தால் அதுதான் முதல் தேர்வு. எடுக்கும் முன் சித்தப்பா, பெரியப்பா வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். யாருக்கும் வேண்டாத சாமான் ஒருவர் தொட்டதும் எல்லோருக்கும் வேண்டியதாகிவிடும்.

பழைய இணைப்புகளில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வச்சிரம், தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசை. வெந்நீரும் ஆவியும் காட்டினால் அது இளகும். கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டலாம். இன்றைய வெள்ளைப் பசையில் ஒட்டியது அப்படிப் பிரியாது. ஆகவே ஆட்டம் காணும் நாற்காலிக்கு யாராவது வெள்ளைப் பசையை ஊற்றி ஆணி அடிக்கும் முன் நீங்கள் போய்ச் சேர வேண்டும்.

மெருகுக்கு ஒரு சின்னச் சோதனை. கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேயுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அரக்கு பாலிஷ். அப்படியென்றால் சிராய்க்கவே வேண்டாம், அழுக்கைத் துடைத்துவிட்டு மேலே புதுப் பூச்சு ஏற்றினால் பழையதோடு கரைந்து சேர்ந்துவிடும். மிஷின் வைத்து இழைத்துப் பளபளப்பாக பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு அடித்தால், அத்தனை வருஷம் கை பட்டுக் கறுத்த நிறம் அரை மணியில் தூசியாகப் பறக்கும்.

எனாமல் பெயின்ட் அடித்த தொட்டிலும் பீரோவும் வேறு ரகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, உலர்வாகத் தேய்க்காமல், குழந்தைகள் இல்லாத இடத்தில், நனைத்துச் சுரண்ட வேண்டும். பிரம்பு பிய்ந்திருந்தால் கவலையே வேண்டாம். சட்டத்தைச் சுற்றித் துளை நல்லபடி இருந்தால் புதுப் பின்னல் போட்டுவிடலாம். பின்னத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இன்னும் இருக்கிறார்கள், பார்வையற்றோர் பலர் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால்

சிங்கப்பூரிலும் மெல்போர்னிலும் இருக்கும் உறவினர்கள் கேட்பதால் இதையும் சேர்க்கிறேன். 1972-ன் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி நூறு வருஷம் கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. பழசு மாதிரித் தெரியும் சாமானை அனுப்ப, 'இது தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டியிருக்கும். ஈட்டிக்கு இன்னொரு சிக்கல்: அந்த மர இனம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் எனும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அதற்குத் தனிக் காகிதம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் மரச்சாமானைப் பூச்சிக்காகக் கடுமையாகச் சோதிப்பார்கள். இவர்களுக்கும் நான் சொல்வது ஆசாரி வழிதான். தேக்கில் புதிதாகச் செய்து, பிரித்து மாட்டும்படி வைத்து, பில்லோடு அனுப்பினால் பாதித் தலைவலி தீரும்.

இந்தச் சட்டத்தால் கடையில் இன்னொரு உபயோகமும் உண்டு. 'நூத்தம்பது வருசத்துச் சாமான்' என்று சொன்னவரிடமே, "ஃபாரினுக்கு அனுப்பித் தருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "தாராளமா, பேப்பரெல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம்" என்று பதில் வந்தால், வயசைப் பற்றிச் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பேப்பர் பொய்யாக இருக்க வேண்டும். வயசுதான் பொய் என்றால் மரக் கணக்குப் போட்டு அந்த விலைக்குக் கேட்கலாம், சாமான் நன்றாக இருக்கும் பட்சத்தில்.